கதவைத் திறந்துவிடாதீர்கள், உள்ளே ஒரு சதவீதம்தான்!

கண்ணாடி முகப்பு வைத்த பெரிய பெட்டி. முன்பக்கம் இரண்டு வட்டத் துளைகள். கையை நுழைத்தால் மணிக்கட்டுக்கு மேலே ரப்பர் பட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பின்னாலிருக்கும் நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து வரும் குழாய் விட்டுவிட்டுச் சீறும். நீங்களும் நானும் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். இந்தப் பெட்டிக்குள் வெறும் 1 சதவீதம். வெப்பம் மட்டும் உடம்புச் சூடு, 37 டிகிரி. பிளாஸ்டிக் தட்டுகளில், இளஞ்சிவப்பு நிற மீடியத்துக்கு அடியில், மனித செல்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆக்சிஜன் குறைந்தால் அவை என்ன செய்கின்றன என்று எட்டிப் பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடும். இதற்கு ஹைபாக்ஸியா ஒர்க்ஸ்டேஷன் என்று பெயர்.

இங்கே எல்லாம் அவசரம், எல்லாம் கண்டிப்பு. செல்களைக் கழுவும் திரவத்தை முந்தின நாள் ராத்திரியே உள்ளே வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே சோதனையைக் கெடுத்துவிடும். அதைவிட முக்கியம், செல்களை உடைத்துப் புரதங்களை எடுக்கும் வேலையைப் பெட்டிக்கு உள்ளேயே முடித்துவிடுவது. தட்டை வெளியே எடுத்து, நாலடி தள்ளி மேசைக்குக் கொண்டுபோய், ஆற அமரச் செய்யலாம் என்று நினைத்தால் தேடி வந்த புரதம் கரைந்து காணாமல் போயிருக்கும். சாதாரணக் காற்றுப் பட்டதும் ஐந்து நிமிடத்துக்குள் பாதி போய்விடும்!

அந்தப் புரதத்தின் பெயர் ஹிஃப். ஆக்சிஜன் உலகத்தின் நட்சத்திரம் அதுதான். 1992இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கிரெக் செமென்ஸாவும் குவாங் வாங்கும் அதைக் கண்டுபிடித்தார்கள். செல் அதை ஓயாமல் தயாரிக்கிறது, ஓயாமல் அழிக்கவும் செய்கிறது. ஆக்சிஜன் இருக்கும்போது ஒரு நொதி ஹிஃப்பின் இரண்டு இடங்களில் தலா ஓர் ஆக்சிஜன் அணுவைப் பொருத்தும். அந்த அடையாளத்தைப் பார்த்ததும் வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் ஹிஃப்பைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். ஆக்சிஜன் இல்லையா? அடையாளம் விழாது, ஹிஃப் பிழைத்துவிடும். உட்கருவுக்குள் புகுந்து, சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் முதல் புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கும் மரபணு வரை வரிசையாகத் தட்டி எழுப்பும். இதைப் படிப்படியாக அவிழ்த்ததற்காக செமென்ஸா, ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ராட்கிளிஃப், பாஸ்டனின் வில்லியம் கேலின் மூவருக்கும் 2019 அக்டோபரில் மருத்துவ நோபல் கிடைத்தது. எத்தனை முறை படித்தாலும் சலிக்காத கதை.

ஆனால் அதே 2019இல், நோபல் அறிவிப்புக்கு ஏழு மாதம் முன்பே, இன்னொரு கதவு திறந்துவிட்டது. இன்றைக்கு உங்களைக் கூட்டிப்போக நான் துடித்துக்கொண்டிருப்பது அந்தக் கதவு வழியாகத்தான். ஹிஃப் வந்து சேருவதற்காகக் காத்திருக்காமல், உட்கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வின் சுற்றுவட்டாரமே ஆக்சிஜன் குறைவதை நேரடியாக உணர்ந்துகொள்கிறது என்பதுதான் அங்கே கிடைத்த சேதி.

வாருங்கள், உள்ளே போவோம். ஒரு செல்லின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரும். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. அடங்க வைப்பவை ஹிஸ்டோன்கள். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருண்டை. அதைச் சுற்றி 147 எழுத்து நீளத்துக்கு டி.என்.ஏ.; கொஞ்சம் இடைவெளி; அடுத்த உருண்டை. இப்படியே கோடிக்கணக்கில் போகும். ஒவ்வொரு உருண்டையிலிருந்தும் சின்னச் சின்ன வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேடிக்கையெல்லாம் அந்த வால்களில்தான்!

எச்-3 என்ற ஹிஸ்டோனின் வாலை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து 4ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் மூன்று மீத்தைல் ஏறியிருந்தால், பக்கத்து மரபணு விழித்திருக்கிறது, அல்லது விழிக்கத் தயாராக இருக்கிறது என்று பொருள். அதே வாலில் 27ஆவது இடத்து லைசினில் மூன்று மீத்தைல் இருந்தால் நிலைமை தலைகீழ்: அந்த மரபணு மூடிக் கிடக்கும். ஏறுவது இரண்டு இடத்திலும் ஒரே பொருள்தான், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மீத்தைல். எங்கே உட்கார்கிறது என்பதைப் பொறுத்து அர்த்தமே மாறிவிடுகிறது. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் மரபணுக்களை ஆட்டிவைக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறோம்.

மீத்தைலை ஏற்றுவதற்கு ஒரு கூட்டம் நொதிகள் உண்டு, இறக்குவதற்கு இன்னொரு கூட்டம். இறக்கும் கூட்டம் இருப்பதே வெகுகாலம் யாருக்கும் தெரியாது. ஹிஸ்டோனில் ஏறிய மீத்தைல் ஏறியதுதான், போகாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 2004இல் ஹார்வர்டின் யாங் ஷி குழு முதல் அழிப்பு நொதியைப் பிடித்தது. 2006இல் வட கரோலினாவின் யீ ஜாங் குழு ஒரு பெரிய குடும்பத்தையே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஜுமோன்ஜி நொதிகள் என்று பெயர். மூன்று மீத்தைல் ஏறியிருந்தாலும் கழற்றக்கூடியவை.

எப்படிக் கழற்றுகின்றன? இந்த இடத்தில் உருப்பெருக்கியை இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோவோம், எனக்குப் பித்துப் பிடிக்க வைக்கும் காட்சி இதுதான்.

நொதியின் நடுவில் ஒரு குழி. அதன் ஆழத்தில் ஒற்றை இரும்பு அணு. பக்கத்தில் ஆக்ஸோகுளூட்டரேட் என்ற சிறு மூலக்கூறு வந்து உட்கார்ந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் உணவை எரிக்கும்போது உண்டாகும் அதே பொருள். ஹிஸ்டோன் வால், மீத்தைலைச் சுமந்தபடி குழிக்குள் நுழைகிறது. கடைசியாக ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து இரும்போடு சேர்கிறது. அவ்வளவுதான், ஆக்சிஜன் இரண்டாகப் பிளக்கிறது! ஓர் அணு ஆக்ஸோகுளூட்டரேட்டுக்குள் போய் அதை உடைக்க, கரியமில வாயு வெளியேறுகிறது. இன்னோர் அணு நேராக மீத்தைலுக்குள் நுழைகிறது. ஆக்சிஜன் ஏறிய மீத்தைலால் லைசினோடு ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. தானாகவே உதிர்கிறது. எதுவாக உதிர்கிறது தெரியுமா? ஃபார்மால்டிஹைடாக! பள்ளி உயிரியல் ஆய்வகத்தில் தவளையையும் பாம்பையும் பாட்டிலில் ஊறப்போட்டிருக்கும் ஃபார்மலினில் கரைந்திருப்பது அதுதான். உங்கள் செல்களில் ஒரு மீத்தைல் குறி அழியும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு மூலக்கூறு பிறக்கிறது. அது சேர்ந்துவிடாமல் உடனுக்குடன் அப்புறப்படுத்தவும் தனியாக நொதிகள் காத்திருக்கின்றன.

இன்னொரு ஒற்றுமையையும் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. எந்த மரபணுவின் பக்கத்தில் எந்தக் குறி இருக்கிறது என்று பார்க்க, ஆராய்ச்சியாளர்கள் செல்களை அந்த நிலையிலேயே உறைய வைப்பார்கள். அதற்கு அவர்கள் தட்டில் ஊற்றுவதும் ஃபார்மால்டிஹைடுதான். டி.என்.ஏ.வையும் ஹிஸ்டோனையும் அது கெட்டியாகப் பிணைத்துவிடும். பிறகு துண்டு துண்டாக வெட்டி, வேண்டிய குறியை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியால் தூண்டிலிட்டு இழுத்து, ஒட்டி வந்த டி.என்.ஏ. எது என்று படிப்பார்கள்.

சரி, பெட்டிக்குத் திரும்புவோம். அழிப்பு நொதிக்கு ஆக்சிஜன் ஒரு மூலப்பொருள் என்று பார்த்தோம். ஏற்றும் நொதிகளுக்கு ஆக்சிஜன் தேவையே இல்லை. அப்படியானால் ஒரு சதவீதத்தில் என்ன ஆகும்? கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருக்க, இலை எடுக்கிறவர்கள் மட்டும் சோர்ந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகுமோ அதுதான். குறிகள் குவியும். யாரும் உத்தரவு போடத் தேவையில்லை, எந்தச் சமிக்ஞையும் ஓடிவரத் தேவையில்லை. ஆக்சிஜன் குறைந்தது என்ற செய்தியும் அதன் விளைவும் ஒரே இடத்தில், ஒரே நொதிக்குழியில் நடந்து முடிந்துவிடுகின்றன. எத்தனை அழகான சிக்கனம்!

எழுதிப் பார்க்க அழகாக இருக்கிறது, உயிருள்ள செல்லில் உண்மையா? இங்கேதான் பல ஆண்டு இழுபறி. ஹிஃப்பை அடையாளமிடும் நொதியும் ஜுமோன்ஜி நொதிகளும் ஒரே பெருங்குடும்பம். மனித உடலில் அந்தக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 60 உறுப்பினர்கள். எல்லாருக்கும் இரும்பு வேண்டும், ஆக்ஸோகுளூட்டரேட் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். ஆனால் ஆக்சிஜனைப் பிடிக்கும் வலு ஆளுக்கு ஆள் வேறு. துளி இருந்தாலும் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சதவீதம் ஒரு பொருட்டே இல்லை. போதாக்குறைக்கு, ஹிஃப் உட்கருவுக்குள் வந்ததும் கே.டி.எம்.3ஏ, கே.டி.எம்.4பி போன்ற சில அழிப்பு நொதிகளைக் கூடுதலாகத் தயாரிக்கச் சொல்கிறது. வேலை மந்தமாகும்போது ஆள் பலத்தைக் கூட்டிச் சமாளிக்கும் ஏற்பாடு. ஆகவே குறிகளில் தெரியும் மாற்றம் ஆக்சிஜனின் நேரடி வேலையா, ஹிஃப்பின் கைவரிசையா என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடாக இருந்தது.

2019 மார்ச் 15. சயின்ஸ் இதழின் ஒரே வெளியீட்டில், இரண்டு நாட்டிலிருந்து இரண்டு கட்டுரைகள்.

முதலாவது, பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் சோனியா ரோச்சாவின் குழுவினுடையது. அவர்கள் செல்களை ஒரு சதவீத ஆக்சிஜனில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே குறிகளைப் பார்த்தார்கள். ஏறியிருந்தன! எச்-3 வாலின் 4ஆவது இடத்திலும் 36ஆவது இடத்திலும் மீத்தைல் கூடியிருந்தது. ஹிஃப் இல்லாமல் செய்தும் பார்த்தார்கள். அப்போதும் கூடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இதற்கடுத்த தகவலைப் படித்தபோதுதான்: அந்த முதல் மணி நேரத்தில் எந்த மரபணுக்களின் வாசலில் குறி ஏறியதோ, அதை வைத்தே பல மணி நேரம் கழித்து எந்த மரபணுக்கள் இயங்கப்போகின்றன என்று சொல்ல முடிந்தது. மரபணு வாய் திறக்கும் முன்பே அதன் வாசலில் குறி தயார்! அடுத்து, கே.டி.எம்.5ஏ என்ற அழிப்பு நொதியை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள், காற்றில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே. செல்கள் மூச்சுத் திணறுகிறவை போலவே நடந்துகொண்டன. ஆக்சிஜன் குறைவைப் போலிசெய்ய ஒரே ஒரு நொதியை உட்கார வைத்தால் போதுமாக இருந்தது.

இரண்டாவது கட்டுரை பாஸ்டனிலிருந்து, அந்த ஆண்டின் இறுதியில் நோபல் வாங்கப்போகும் வில்லியம் கேலினின் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஹிஃப் கதையின் நாயகர்களில் ஒருவரே ஹிஃப் இல்லாமல் நடக்கும் கதையையும் எழுதினார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அவர்கள் கைவைத்தது 27ஆவது இடத்துக் குறி, மரபணுவை மூடிவைக்கும் குறி. அதை அழிப்பவர்கள் இருவர்: கே.டி.எம்.6ஏ, கே.டி.எம்.6பி. அண்ணன் தம்பி மாதிரி ஒத்த உருவம். ஆனால் ஆக்சிஜன் விஷயத்தில் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. 6பி குறைந்த ஆக்சிஜனிலும் அசராமல் வேலை செய்கிறது. 6ஏ சட்டென்று சோர்ந்துபோகிறது. ஹிஃப்புக்கு அடையாளமிடும் நொதியைப் போலவே அதற்கும் ஆக்சிஜன் பிடிமானம் பலவீனம். அந்தப் பலவீனம்தான் அதை உணர்கருவியாக்குகிறது!

இதை அவர்கள் தசைச் செல்களில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஆய்வகங்களில் சுண்டெலியின் இளம் தசைச் செல்கள் ஒரு வகை உண்டு. தனித்தனியாகப் பெருகிக்கொண்டிருக்கும், ஊட்டத்தைக் கொஞ்சம் குறைத்தால் ஒன்றோடொன்று இணைந்து நீள நீளமான தசை இழைகளாக மாறும். நுண்ணோக்கியில் அந்த மாற்றத்தைப் பார்ப்பதே ஒரு திருவிழா. ஆக்சிஜனைக் குறைத்ததும் திருவிழா நின்றுபோனது. செல்கள் முதிராமல் இளமையிலேயே தங்கிவிட்டன. முதிர்வதற்கு வேண்டிய மரபணுக்கள்மேல் மூடும் குறி குவிந்து கிடந்தது. பிறகு அவர்கள் செய்ததுதான் சாமர்த்தியம். இறக்குகிறவர் சோர்ந்துவிட்டார், சரி. ஏற்றுகிறவரையும் கொஞ்சம் மந்தப்படுத்தினால் கணக்கு நேராகிவிடாதா? மீத்தைலை ஏற்றும் நொதியை அடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். ஆக்சிஜன் இன்னமும் குறைவுதான், ஆனாலும் செல்கள் மறுபடி தசை இழைகளாக மாறத் தொடங்கின! தடை ஆக்சிஜன் பஞ்சத்தால் வந்த சோர்வு அல்ல, குறிகளின் நிலுவைதான் என்று அந்த ஒரு சோதனை காட்டிவிட்டது.

நாம் எல்லோருமே குறைந்த ஆக்சிஜனில்தான் ஆரம்பித்தோம். கர்ப்பத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு வாரம்வரை நஞ்சுக்கொடிக்குத் தாயின் ரத்தம் முழு வேகத்தில் பாய்வதில்லை. அதன் பிறகே அங்கே ஆக்சிஜன் ஏறுகிறது. எந்தச் செல் எப்போது முதிர வேண்டும் என்ற கணக்கில் ஆக்சிஜனுக்கும் ஒரு கை இருந்திருக்குமென்று கேலின் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அதே 2019 அக்டோபரில் சிகாகோவிலிருந்து இன்னொரு குதூகலம். ஆக்சிஜன் போதாதபோது செல் சர்க்கரையைப் பாதியில் நிறுத்தி லாக்டேட்டாக மாற்றும் என்பது பள்ளிப் பாடம். வேகமாக ஓடும்போது தசையில் சேரும் அதே லாக்டேட். அதைக் கழிவென்றே ஒதுக்கிவைத்திருந்தோம். யிங்மிங் ஜாவோவின் குழு, அந்த லாக்டேட்டிலிருந்து வரும் துணுக்கு நேரே ஹிஸ்டோன் லைசின்களில் போய் ஒட்டிக்கொள்வதைக் கண்டது, அதுவும் 28 இடங்களில்! ஆக்சிஜன் குறைந்தால் அந்தக் குறியும் கூடுகிறது.

இதுவரை ஹிஸ்டோன் வால்களிலேயே சுற்றினோம். டி.என்.ஏ. இழையின் மேலேயே நேரடியாக ஏறும் மீத்தைலும் உண்டு. பெரும்பாலும் மரபணுவின் வாசலில் அது ஏறினால் மரபணு அடங்கிவிடும். அதைக் கழற்றும் வேலையைத் தொடங்கிவைப்பது டெட் என்ற நொதிகள். 2009இல் அஞ்சனா ராவின் குழு அவற்றின் வேலையைக் கண்டுபிடித்தது. டெட்டும் அதே இரும்பு, அதே ஆக்ஸோகுளூட்டரேட், அதே ஆக்சிஜன் குடும்பம். இங்கே கதையின் நிறம் மாறுகிறது. புற்றுக்கட்டிகள் தம் ரத்தக் குழாய்களை மீறி வளர்வதால் உள்ளுக்குள் ஆக்சிஜன் பஞ்சத்தில் இருக்கும். 2016இல் பெல்ஜியத்தின் லூவெனில் டீதர் லாம்பிரெக்ட்ஸின் குழு காட்டியது இது: அந்தப் பஞ்சத்தில் டெட் சோர்கிறது, புற்றை அடக்கிவைக்க வேண்டிய மரபணுக்களின் வாசலில் மீத்தைல் குவிகிறது, காவல் மரபணுக்கள் வாயடைத்துப் போகின்றன. கட்டிகளில் காணும் இத்தகைய மிகைக் குவிப்பில் பாதிவரை ஆக்சிஜன் குறைவோடு சேர்ந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். சுண்டெலிகளின் கட்டிக்குள் ரத்த ஓட்டத்தைச் சீராக்கி ஆக்சிஜனை உள்ளே அனுப்பியபோது குவிப்பு நின்றது.

கடைசியாக ஓர் இடத்தைக் காட்டிவிடுகிறேன். கழுத்தில், மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையில், ஓர் அரிசி மணி அளவுக்கு ஓர் உறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் அலறுவது அதுதான். அலறினால் மூச்சு வேகமாகும், ரத்த அழுத்தம் ஏறும். தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு அடைபட்டு அடைபட்டுத் திறப்பவர்களுக்கு ராத்திரி முழுக்க ஆக்சிஜன் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். அந்த அரிசி மணியும் ராத்திரி முழுக்க அலறிக்கொண்டே இருக்கும். முகமூடிக் கருவியால் மூச்சைச் சீராக்கிய பிறகும் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்குவதில்லை. ஏன்?

சிகாகோ பல்கலைக்கழகத்தின் நந்தூரி பிரபாகர் குழு எலிகளை வைத்து இதைத் தேடியது. 10 நாள் இப்படி விட்டுவிட்டு ஆக்சிஜனைக் குறைத்த எலிகள், 10 நாள் சாதாரணக் காற்றில் இருந்ததும் பழைய நிலைக்கு வந்துவிட்டன. 30 நாள் குறைத்த எலிகளோ, பிறகு 30 நாள் நல்ல காற்றில் இருந்தும் மீளவில்லை. ரத்த அழுத்தம் ஏறியது ஏறியபடியே. கரோட்டிட் உறுப்பின் செல்களுக்குள் பார்த்தால், ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் நொதிகளுக்கான மரபணுக்களில் டி.என்.ஏ. மீத்தைல் ஏறி, அவை அடங்கிக் கிடந்தன. ஆக்சிஜன் பஞ்சம் போய்விட்டது, குறி மட்டும் போகவில்லை. மீத்தைல் ஏறுவதைத் தடுக்கும் டெசிடபைன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். பஞ்சம் நடக்கும்போது கொடுத்தாலும் சரி, பஞ்சம் முடிந்து மீளும் காலத்தில் கொடுத்தாலும் சரி, மரபணுக்கள் விழித்தன, எலிகளின் ரத்த அழுத்தம் இயல்புக்கு இறங்கியது. காலம் கடந்து கொடுத்தும் இறங்கியது என்பதுதான் இதில் என்னைத் துள்ள வைப்பது!

டெசிடபைன் ரத்தப் புற்று வகைகளுக்குத் தரும் மருந்து. உடம்பில் பெருகும் செல்கள் எல்லாவற்றின் டி.என்.ஏ.வையும் தொடும், வெள்ளணுக்களைச் சரித்துவிடும். குறட்டை விடுகிறவருக்கு அதை எழுதிக் கொடுத்துவிட முடியாது. வேண்டியது, அந்த அரிசி மணிக்குள் இருக்கும் அந்த ஒருசில மரபணுக்களின் வாசலுக்கு மட்டும் போய், அங்கே தங்கிவிட்ட மீத்தைலை மட்டும் கழற்றிவரும் மருந்து.